கிருமியைக் கொல்லும் மருந்து, வெள்ளையணுவின் கையையும் கட்டுமா?

[திரையில்: நுண்ணோக்கிக் காட்சி. ஒரு வெள்ளையணு பாக்டீரியாவை நெருங்குகிறது.]

மேக்ரோஃபேஜ் எனப்படும் இந்த வெள்ளையணுவைக் கவனியுங்கள். தன் உடலின் ஒரு பகுதியைக் கைபோல் நீட்டி, பாக்டீரியாவைச் சுற்றி வளைத்து, அப்படியே உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆன்டிபயாடிக் உட்கொண்டு காய்ச்சல் தணியும்போது பாராட்டு முழுவதும் மாத்திரைக்கே போகிறது. ஆனால் மருந்தால் தளர்ந்துபோன கிருமிகளைத் தேடிப் பிடித்துத் தீர்த்துக்கட்டும் வேலையில் பெரும்பங்கு இத்தகைய அணுக்களுடையது. அதே மருந்து இவற்றையும் தளர்த்திவிடக்கூடுமா? சில சூழல்களில் ஆம்.

2017-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் காலின்ஸின் குழு, ஈ.கோலை பாக்டீரியாவின் தொற்றுக்கு உள்ளான எலிகளுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துச் சோதித்தது. எலிகளின் சொந்தச் செல்கள் வெளிவிடும் வேதிப்பொருள்களின் அளவு மாறியது. அந்த மாற்றம் மருந்தின் கொல்திறனையே ஓரளவு குறைத்தது. கூடவே, மேக்ரோஃபேஜ்களின் செல் சுவாசமும் (ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுக்கும் செயல்) பாக்டீரியாவை விழுங்கும் திறனும் மங்கின. ஆய்வு எலிகளில் நடந்தது என்பதை மறக்க வேண்டாம்.

[திரையில்: செல்லின் குறுக்குவெட்டு. மைட்டோகாண்ட்ரியா ஒளிர்கிறது.]

ஆன்டிபயாடிக்குகள் நம் செல்களையும் தாக்குவதன் ஒரு வேர் பழைய உறவில் இருக்கிறது. நம் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா, நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வேறொரு செல்லுக்குள் குடியேறிய பாக்டீரியாவின் வழித்தோன்றல். அதனால் அதனுள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள், செல்லின் மற்ற ரைபோசோம்களைவிட பாக்டீரியாவின் ரைபோசோம்களையே அதிகம் ஒத்திருக்கின்றன. பாக்டீரியாவின் ரைபோசோமைக் குறிவைக்கும் மருந்து, இந்தத் தூரத்து உறவினரையும் சில வேளைகளில் அடித்துவிடுகிறது. குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக், இரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையை முடக்கக்கூடும் என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. லினிசோலிட் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கை எடுத்துக்கொள்வோருக்கு, குறிப்பாக இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால், வாரந்தோறும் இரத்த அணுக்களை எண்ணிப் பார்ப்பதும் இதே அச்சத்தால்தான்.

ஆகவே “ஆன்டிபயாடிக் நம் உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கெடுத்துவிடும்” என்ற பொத்தாம்பொதுவான பேச்சை நான் ஏற்கவில்லை. எந்த மருந்து, எவ்வளவு நாள், எந்த உடல் என்பதைச் சொல்லாமல் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. அதை நம்பி, உயிரைக் குடிக்கும் தொற்றுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தைப் பாதியில் நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து.

[திரையில்: குடல் சுவரின் உட்பரப்பு.]

ஆன்டிபயாடிக் நம் எதிர்ப்புச் சக்தியைத் தொடும் இன்னொரு வழி குடலின் ஊடாகச் செல்கிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் தூண்டுவதால்தான் குடல் சுவர் சில கிருமிக்கொல்லிப் புரதங்களைச் சுரக்கிறது. ஆன்டிபயாடிக் அந்தப் பாக்டீரியாக்களைத் துடைத்தெடுத்ததும் எலிகளின் குடலில் இச்சுரப்பு குறைந்து, வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத என்டெரோகாக்கஸ் கிருமி எளிதில் இடம்பிடித்ததை 2008-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

மனிதரிடத்தில், குடல் பாக்டீரியாவுக்கும் எதிர்ப்புச் சக்திக்கும் உள்ள தொடர்பை 2019-ல் வெளியான ஓர் ஆய்வு தடுப்பூசியைக் கொண்டு சோதித்தது. தன்னார்வலர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும், ஃப்ளூ ஊசி போட்ட நாளை ஒட்டி, ஐந்து நாள்கள் வீரியமான ஆன்டிபயாடிக்குகள் கொடுக்கப்பட்டன. முன்பே ஃப்ளூ எதிர்ப்புப் பொருள்கள் போதிய அளவில் இருந்தவர்களிடம் பெரிய வேறுபாடு தென்படவில்லை. உடலுக்கு ஃப்ளூ பற்றிய பழைய நினைவு அதிகம் இல்லாதவர்களிடம்தான், எச்1என்1 என்ற ஃப்ளூ வகைக்கு எதிரான எதிர்வினை தாழ்ந்திருந்தது.