ஜே.பி.ஆரா, கல்லனா? கண்மாய்க்குள் ஒரு ஃபுல்பேக் வழக்கு

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கேட்கிறதா? மைக்கில் துணி சுற்றியிருக்கிறேன், இதற்கு மேல் குறைக்க முடியவில்லை. திருமங்கலம் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் நிற்கிறேன். பங்குனி பிறந்துவிட்டது, பொட்டுத் தண்ணீர் கிடையாது. அதோ பாருங்கள், கேமராவைத் திருப்புகிறேன். கருவேலத்தை வெட்டிச் சமப்படுத்திய அந்தத் துண்டில்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பிள்ளைகள் ரக்பி பழகுகிறார்கள். அவர்கள் வர இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. அதற்குள் ஒரு வழக்கைப் பேசி முடிக்க வேண்டும்.

வழக்கு எனக்கும் என் மாமா மகனுக்கும். மச்சான் பல வருடமாக ஆக்லாந்தில் வேலை பார்க்கிறான். போன வீடியோவில் நான் போகிற போக்கில், 'உலகத்திலேயே ஆகச்சிறந்த ஃபுல்பேக் வேல்ஸின் ஜே.பி.ஆர். வில்லியம்ஸ்' என்று சொல்லிவிட்டேன். மறுநாள் விடிவதற்குள் எட்டு நிமிட வாய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது. "மாப்ள, கிறிஸ்டியன் கல்லன் ஓடுனதை நீ பார்த்திருக்கியா இல்லையா?" என்று ஆரம்பம். பார்த்திருக்கிறேன் மச்சான். பார்த்த பிறகும் இதைத்தான் சொல்கிறேன். ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்த வீடியோ.

ஃபுல்பேக் என்றால் யார் என்று கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாக. பதினைந்து பேர் ஆடும் ரக்பியில், முதுகில் 15 என்று போட்டுக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் நிற்பவர். இந்த ஆட்டத்தில் பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது, காலால் உதைக்கலாம். எதிர் அணி வானத்தைப் பார்த்து உதைத்தால் பந்து இறங்குவது பெரும்பாலும் இவர் தலைக்கு மேல்தான். முன்னால் நிற்கும் அத்தனை பேரையும் தாண்டி ஒருவன் ஓடி வந்துவிட்டால் மிச்சம் இருக்கிற ஒரே ஆளும் இவர்தான். கபடியில் ஏழு பேர் சங்கிலி போட்டுப் பிடிக்கிற வேலையை, இவர் திறந்த மைதானத்தில் தனி ஆளாகச் செய்ய வேண்டும்.

அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சென்னையில் படித்தபோது முதல் ஆட்டத்திலேயே என்னை 15இல் நிறுத்தினார்கள், உயரமாக இருக்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காக. பந்து மேலே போனது. கிரிக்கெட்டில் ஸ்கையர் பிடித்துப் பழகியவன் நான். ஆனால் கிரிக்கெட்டில் பந்து இறங்கும்போது மூன்று பேர் நம்மை நோக்கி ஓடி வருவதில்லை. தரை அதிர்கிற சத்தம் கேட்டது. ஒரு நொடி, ஒரே நொடி, கண்ணைப் பந்திலிருந்து எடுத்து அவர்களைப் பார்த்தேன். பந்து நெஞ்சில் பட்டு முன்னால் விழுந்தது. அதை எடுத்துப்போய் எங்கள் கோல் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்தி ட்ரை வைத்துவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்த ஒரு நொடிதான் கண்ணுக்குள் ஓடியது. அதிலிருந்து எந்த நாட்டு ஆட்டத்தைப் பார்த்தாலும், பந்து மேலே போனதும் நான் பார்ப்பது 15ஆம் நம்பரின் கண்களைத்தான்.

சரி, மச்சானின் ஆளுக்கு வருவோம். கல்லனைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 1996இல் நியூசிலாந்துக்காக முதல் டெஸ்டில், அதாவது நாட்டுக்கு நாடு ஆடும் ஆட்டத்தில், மேற்குச் சமோவாவுக்கு எதிராக மூன்று ட்ரை, அடுத்த டெஸ்டில் ஸ்காட்லாந்துக்கு எதிராக நான்கு. மொத்தம் 58 டெஸ்டில் 46 ட்ரை. பின்னால் நிற்கிற ஒருவருக்கு இது நம்ப முடியாத கணக்கு. அவர் ஊரின் பெயரைச் சேர்த்து 'பேக்காக்காரிக்கி எக்ஸ்பிரஸ்' என்று அங்கே கூப்பிட்டார்கள், நம் வைகை எக்ஸ்பிரஸ், பாண்டியன் எக்ஸ்பிரஸ் மாதிரி. இரண்டு பேருக்கு நடுவில் வழியே இல்லாத இடத்தில் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிடுவார். அழகு என்றால் அதுதான் அழகு.

ஆனால் மச்சான், 1999 உலகக் கோப்பையில் அதே கல்லனை 15இலிருந்து எடுத்து 13ஆம் நம்பரில், சென்டரில் ஆட விட்டார்கள். அவர் இடத்தில் ஜெஃப் வில்சன் நின்றார். அரையிறுதியில் பிரான்ஸ் 43-31 என்று ஜெயித்தது. இதற்குக் கல்லன் பொறுப்பில்லை, தேர்வாளர்கள்தான் பொறுப்பு. இன்றுவரை அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் கல்லனின் பெயரைச் சொன்னதும் நம் மனதில் ஓடுகிற காட்சிகள் எல்லாம் பந்து அவர் கையில் இருக்கும் காட்சிகள். பந்து யார் கையிலும் இல்லாத நேரத்தையும், எதிரி கையில் இருக்கும் நேரத்தையும் வைத்துத்தான் நான் ஃபுல்பேக்கை எடை போடுகிறேன். நம் வழக்கே அங்கேதான்.

புள்ளிகளை வைத்துச் சண்டை போடுகிறவர்களும் உண்டு. தென் ஆப்பிரிக்காவின் பெர்சி மான்ட்கோமரி 102 டெஸ்டில் 893 புள்ளி எடுத்தார், 2007 உலகக் கோப்பையை ஜெயித்த அணியில் இருந்தார். அதற்கும் முன்னால் நியூசிலாந்தின் டான் கிளார்க். 1959இல் டனீடினில், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்து ஆடும் லயன்ஸ் அணி நான்கு ட்ரை வைத்தது, கிளார்க் ஆறு பெனால்டி உதைத்தார், நியூசிலாந்து 18-17. பெரிய சாதனைதான். ஆனால் இரண்டு கம்பத்துக்கு நடுவில் பந்தை அனுப்பிக் கோல் உதைப்பது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய தனி வேலை. 10ஆம் நம்பர் உதைக்கலாம், விங்கர் உதைக்கலாம். 15ஐ அளக்க அந்தக் கோல் உதவாது.

இன்னொரு பெயர் என்னைத் தடுமாற வைக்கும். செர்ஜ் பிளாங்கோ. வெனிசுவேலாவின் கராகஸில் பிறந்து பிரான்சுக்கு ஆடியவர், 93 டெஸ்ட், 38 ட்ரை. 1987 முதல் உலகக் கோப்பை அரையிறுதி, சிட்னி கான்கார்ட் ஓவல், ஆஸ்திரேலியாவுடன் 24-24. நேரம் முடிகிற தருவாயில் பந்து கை மாறிக் கை மாறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய், கடைசியில் இடது மூலையில் பிளாங்கோ பாய்ந்து விழுந்தார். 30-24. அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எழுந்து நின்றுவிடுகிறேன். பிளாங்கோ ஆடினால் அது விருந்து. ஆனால் நாளைக்கு என் அணிக்குப் பின்னால் ஒரே ஒருவரை நிறுத்த வேண்டும் என்றால் என் கை அவர் பக்கம் போகாது.

என் கை போகிற ஆள் ஜே.பி.ஆர். முழுப் பெயர் ஜான் பீட்டர் ரீஸ் வில்லியம்ஸ். வேல்ஸ் அணிக்கு 1973இல் ஜே.ஜே. வில்லியம்ஸ் என்று இன்னொரு ஜான் வந்தார். இருவரையும் பிரித்துச் சொல்ல இனிஷியலே பெயராகிவிட்டது. நம் ஊரில் ஒரே பெயரில் இரண்டு வாத்தியார் இருந்தால் செய்வோமே, அதே கதைதான். 1969 முதல் 1981 வரை 55 டெஸ்ட். இங்கிலாந்திடம் ஒரு தடவைகூட தோற்றதில்லை. அவர்களுக்கு எதிராக மட்டும் ஐந்து ட்ரை.

அவர் வந்த நேரத்தைப் பாருங்கள். 1968 வரை மைதானத்தில் எங்கிருந்து வேண்டுமானாலும் பந்தை நேரடியாக வெளியே உதைத்துவிட்டு, அது வெளியே போன இடத்திலேயே லைன்அவுட்டுக்குப் போகலாம், அதாவது இரண்டு அணியும் வரிசையில் நிற்கப் பந்தை மறுபடி உள்ளே எறிவது. விதியை மாற்றினார்கள். உன் கோலிலிருந்து 25 கெஜத்துக்குள் நின்று உதைத்தால் மட்டும் அந்தச் சலுகை. அதைத் தாண்டி நின்று நேரடியாக வெளியே அடித்தால் உதைத்த இடத்துக்கே திரும்பி வர வேண்டும். அதனால் உதைகள் உள்ளேயே விழ ஆரம்பித்தன, ஃபுல்பேக் கையில் பந்தும் முன்னால் வெட்டவெளியும் கிடைத்தது. அதுவரை காவல்காரனாக மட்டும் இருந்த ஆள் ஓடத் தொடங்கினார். அடுத்த வருடமே ஜே.பி.ஆர். அறிமுகம். காலுறையைக் கணுக்காலுக்கு இறக்கிவிட்டு, கிருதாவை வளர்த்துக்கொண்டு, பந்தைப் பிடித்ததும் கூட்டத்தைப் பார்த்து நேராக ஓடுவார்.

மூன்று காட்சி சொல்கிறேன். 1971, ஆக்லாந்து ஈடன் பார்க், மச்சான் இருக்கிற ஊர்தான். லயன்ஸ் அணி தொடரில் 2-1 முன்னிலை. கடைசி டெஸ்டில் ஏறக்குறைய 45 மீட்டரிலிருந்து ஜே.பி.ஆர். டிராப் கோல் அடித்தார், பந்தைக் கையிலிருந்து தரையில் விட்டு அது எழும்பும்போது உதைப்பது. ஆட்டம் 14-14. நியூசிலாந்து மண்ணில் லயன்ஸ் ஜெயித்த ஒரே தொடர் இன்றுவரை அதுதான்.

1976, கார்டிஃப். பிரான்சுடன் ஆட்டம், ஜெயித்தால் கிராண்ட் ஸ்லாம், அதாவது ஐந்து நாட்டுத் தொடரில் எல்லா ஆட்டத்திலும் வெற்றி. பிரான்சின் கூர்தோன் மூலைக்கொடியை நோக்கி ஓடுகிறார், இன்னும் ஓரிரு அடி. ஜே.பி.ஆர். குறுக்கே வந்து தோளால் இடித்தார். கூர்தோன் கோட்டுக்கு வெளியே. வேல்ஸ் 19-13. நேர்மையாகச் சொல்ல வேண்டும், கையால் அணைக்காமல் தோளால் மட்டும் இடிப்பது இன்றைக்கு ஃபவுல், அட்டை வாங்கிக்கொண்டு வெளியே போக வேண்டியதுதான். பிள்ளைகளுக்கு அதை நான் சொல்லித் தர மாட்டேன். நான் பார்ப்பது அவர் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதை. மைதானத்தின் நடுவில் நின்றவர், பந்து மூலைக்குப் போகும் என்று மற்றவர்களுக்கு முன்பே கணித்துக் கிளம்பியிருக்கிறார்.

மூன்றாவது, 1978. பிரிட்ஜெண்ட் கிளப்புக்காக நியூசிலாந்து அணியோடு ஆடும்போது எதிரணி வீரர் ஒருவர் அவர் முகத்தை ஷூவால் மிதித்துக் கன்னம் கிழிந்தது. அப்பா டாக்டர். அவரே தையல் போட்டார். மகன் மறுபடியும் மைதானத்துக்குள் போய்விட்டார். பிற்பாடு இவரும் எலும்பு அறுவைச் சிகிச்சை டாக்டராக இருந்தார். 2024 ஜனவரியில் காலமானார். அன்றைக்கு இந்தக் கண்மாயில் பயிற்சிக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றோம். பிள்ளைகளுக்கு அவர் யாரென்று தெரியாது, நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சும்மா நின்றார்கள். எனக்கு அது போதும்.

'அந்தக் காலத்து ஆள் வேண்டாம், இப்போது யார்?' என்று கமென்டில் கேட்கிறீர்கள். இப்போது வேலை இன்னும் கடினம். 2021இல் 50-22 என்ற விதி வந்தது. உன் பாதியிலிருந்து நீ உதைத்த பந்து மைதானத்துக்குள் தரையில் பட்டு, எதிரணியின் 22 மீட்டர் பகுதியில் வெளியே போனால் லைன்அவுட்டில் பந்தை எறிவது உன் அணியே. அதைத் தடுக்க 15ஆம் நம்பர் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 2024 நவம்பரிலிருந்து இன்னொன்று. பந்து பிடிக்கப் போகிறவருக்கு முன்னால் சொந்த அணிக்காரர்கள் அரண் போல ஓடி மறைப்பதை நடுவர்கள் கண்டிப்பாகத் தடுக்கிறார்கள். இப்போது பந்துக்குக் கீழே அவர் உண்மையிலேயே தனி ஆள்.

அந்தத் தனிமையில் நான் நம்புவது அயர்லாந்தின் ஹியூகோ கீனனை. ஓட்டத்தில் மின்னல் இல்லை, ஆனால் பந்து இறங்குகிற இடத்தில் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார். 2025 ஜூலை 26, மெல்போர்ன், லயன்ஸ் இரண்டாவது டெஸ்ட். நமக்குச் சனிக்கிழமை மதியம் மூன்றரை. ஆஸ்திரேலியா ஒரு கட்டத்தில் 23-5 முன்னிலை. கடைசி நிமிடத்தில் 26-24. அப்போது இடது பக்கம் பந்தை வாங்கி உள்ளே போய் விழுந்தது கீனன்தான். ரீப்ளே பார்த்து முடிவு சொல்லும் வரை எங்கள் வீட்டில் யாரும் மூச்சுவிடவில்லை. 29-26, தொடரும் கையில். பிரான்சின் தொமா ராமோஸைச் சொல்கிறவர்கள் சொல்லலாம், 2025இல் பிரான்சின் புள்ளிக் கணக்கிலேயே முதலிடத்துக்கு வந்தவர். கூர்மையான மூளை, மறுக்கவில்லை.

ராமோஸ் என்றதும் 2023 உலகக் கோப்பைக் காலிறுதி. நம் நேரம் நள்ளிரவு 12.30. மதுரைக்காரனுக்கு அது ஒரு நேரமே இல்லை, பாதி ஆட்டத்தில் பரோட்டா வாங்கி வந்தவர்கள் நாங்கள். ட்ரைக்குப் பிறகு கிடைக்கும் உதையான கன்வெர்ஷனுக்கு ராமோஸ் அடி வைத்ததும் தென் ஆப்பிரிக்காவின் கோல்பி பாய்ந்து வந்து பந்தை மறித்தார். இரண்டு புள்ளி போனது. ஆட்டம் முடிந்தபோது தென் ஆப்பிரிக்கா 29-28. அதே ஆட்டத்தில் மறுபக்க 15, டேமியன் வில்லம்சா. தன் 22க்குள் உயரப் பந்தைப் பிடித்து 'மார்க்' கேட்டார். அப்படிக் கேட்டால் யாரும் தொட முடியாது, நிதானமாக உதைத்து வெளியே அனுப்பலாம். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். அவர் கையால் ஸ்க்ரம் என்று சைகை காட்டினார். தன் கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் எட்டுக்கு எட்டு தள்ளுமுள்ளு வேண்டும் என்று தானாகக் கேட்கிறார்! முன்வரிசை மேல் அந்த அணிக்கு அவ்வளவு நம்பிக்கை. இந்த மாதிரி ஒரு நொடியில் எடுக்கிற முடிவுகளை எந்தப் புள்ளிப் பட்டியலிலும் பார்க்க முடியாது.

அதோ, பிள்ளைகள் கரையில் இறங்குகிறார்கள். பச்சை டீஷர்ட் போட்ட அந்தப் பொண்ணு எட்டாம் வகுப்பு. கபடியிலிருந்து வந்தது, இப்போது எங்கள் 15. முதல் மாதம் பந்து மேலே போனாலே கண்ணை மூடிக்கொள்ளும். முழங்கைகளைச் சேர்த்து வை, பந்தைக் கண் உயரத்தில் வாங்கு, குதிக்கும்போது உடம்பைப் பக்கவாட்டில் திருப்பு, தவறினாலும் பந்து பின்னால்தான் விழும் என்று சொல்லிக் கொடுத்தோம். இருங்கள், ஒன்று உதைக்கிறேன், கேமராவை இந்தக் கல் மேல் வைக்கிறேன்.

ஏ பாப்பா, தயாரா? நீங்க ரெண்டு பேரும் அது மேல ஓடி வாங்கடா. ஆனா குதிச்சு நிக்கும்போது தொடக் கூடாது.

பார்த்தீர்களா? கண் பந்தை விட்டு நகரவே இல்லை. மச்சான், இதை உனக்குத் தனியாக அனுப்புகிறேன். கல்லனுக்கு இன்னொரு வாய்ஸ் மெசேஜ் இருந்தால் அனுப்பு, அடுத்த ஞாயிறு இதே இடத்தில் பதில் சொல்கிறேன்.