துளையின் வாயா, துளையின் ஆழமா?

அவையோருக்கு வணக்கம். மணலில் இருக்கும் அதே சிலிக்காவைப் பற்றித்தான் பேசப்போகிறேன், ஆனால் உள்ளெல்லாம் துளையாக இருக்கும் சிலிக்கா. 1992இல் மொபில் நிறுவன ஆய்வாளர்கள் எம்.சி.எம்-41 என்ற பொருளை அறிவித்தார்கள். சோப்பு வகை மூலக்கூறுகள் நீரில் உருளை உருளையாகத் திரள, அவற்றைச் சுற்றிச் சிலிக்கா படிகிறது. பிறகு அந்த மூலக்கூறுகளை எரித்துவிட்டால் சில நானோமீட்டர் அகலத் துளைகள் வரிசை குலையாமல் மிஞ்சும். ஒரு கிராம் தூளுக்குள் ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் பரப்பு!

இவ்வளவு பரப்பு இருந்தும் வெறும் சிலிக்கா எதையும் தேர்ந்தெடுத்துப் பிடிக்காது. அதன் சுவரில் இருப்பவை சிலனால் தொகுதிகள், அதாவது சிலிக்கானோடு சேர்ந்த ஓ.எச். அவை நீரை நன்றாக இழுக்கும். பாதரச அயனியோ பக்கத்தில் வந்தாலும் அவற்றுக்குப் பொருட்டே இல்லை. சுவரில் தயோல், அதாவது கந்தகத் தொகுதியை நட்டுவிட்டால் கதை மாறுகிறது. பாதரசத்துக்கும் கந்தகத்துக்கும் அப்படி ஒரு பிடிப்பு. 1997இலேயே இதைச் செய்து காட்டிவிட்டார்கள்.

நடுவது எப்படி? ஒரு முனையில் மூன்று எத்தாக்சி தொகுதிகளும் மறுமுனையில் நமக்கு வேண்டிய தொகுதியும் உள்ள சிலேனை, அதாவது சிலிக்கான் அணுவை மையமாகக் கொண்ட மூலக்கூறை எடுத்து, உலர்ந்த டொலுவீன் என்ற கரைப்பானில் சிலிக்காவோடு சேர்த்துக் கொதிக்கவிடுகிறோம். எத்தாக்சி எத்தனாலாகக் கழன்றுபோக, சிலேன் சுவரோடு பிணைகிறது. எழுதினால் இரண்டு வரிதான். வில்லங்கமெல்லாம் ஈரத்தில் இருக்கிறது. சிலிக்காவைச் சூடேற்றி உலர்த்தாமல் போட்டால், சிலேன்கள் சுவரை விட்டுவிட்டுத் தங்களுக்குள்ளேயே கோத்துக்கொள்ளும். அமீன், அதாவது நைட்ரஜன் தொகுதி உள்ள சிலேன் இன்னும் அவசரக்காரர். அமீனே வினையை முடுக்கிவிடுவதால் துளையின் வாயிலேயே ஒட்டி வழியை அடைத்துவிடக்கூடும்.

இங்கேதான் எனக்கு ஒரு வழக்கு உண்டு. 'ஒரு கிராமில் இத்தனை மில்லிமோல் ஏற்றினோம்' என்று பெருமையாகச் சொல்கிறார்கள். வெப்ப எடையிழப்பு ஆய்வு அந்த அளவைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. வாயில் குவிந்திருந்தாலும் ஆழத்தில் பரவியிருந்தாலும் எரிந்து குறையும் எடை ஒன்றுதான். துளைக்குள் எவ்வளவு நைட்ரஜன் வாயு ஒட்டுகிறது என்று சொல்லும் பரப்புக்கவர்ச்சி அளவையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், துளைக் கொள்ளளவு எவ்வளவு மிஞ்சியது என்று பார்ப்போம் என்பேன்.

இடம் ஏன் முக்கியம்? அமீன் நட்ட சிலிக்கா கரியமில வாயுவைப் பிடிப்பதைப் பாருங்கள். உலர்ந்த நிலையில் ஒரு வாயு மூலக்கூறைக் கார்பமேட் என்ற சேர்மமாகப் பிடிக்க இரண்டு அமீன்கள் வேண்டும். எட்ட எட்ட நின்றால் அந்த இணை அமையாது. நெருங்கி நின்று வாயை அடைத்தாலோ, வாயு உள்ளேயே போகாது.

வேறு வழிகளும் உண்டு. சிலிக்கா உருவாகும்போதே சிலேனையும் கலந்துவிட்டால் தொகுதிகள் சீராகப் பரவும். ஆனால் பங்கு கூடக் கூடத் துளை ஒழுங்கு குலையும். சோப்பு மூலக்கூறை எரிக்கவும் முடியாது, நாம் சேர்த்ததும் கூடவே எரிந்துபோகும். அதனால் அமிலம் சேர்த்த எத்தனாலில் கழுவி எடுக்கிறார்கள். 1999இல் வந்த முறையில் கரிமப் பகுதி சுவரின் உள்ளேயே பாலமாக அமைகிறது. துளை முழுவதும் காலியாகவே கிடக்கும்.

எந்த முறையில் செய்தாலும் சிலனால் கொஞ்சம் மிஞ்சும். மருந்து ஆய்வில் எச்.பி.எல்.சி., அதாவது கலவையைத் தூள் நிரப்பிய குழாய் வழியே செலுத்திப் பிரித்துப் பார்க்கும் முறையைக் கையாள்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பதினெட்டுக் கார்பன் சங்கிலி நட்ட சிலிக்காவில், விடுபட்ட சிலனால்கள் கார மருந்துகளைப் பிடித்து இழுக்க, வரைபடத்தில் முகடு வால்விடும், அதாவது கூர்மையாக முடியாமல் இழுபடும். அதற்காகவே சிறிய டிரைமெத்தில் சிலேனைக் கடைசியாக அனுப்புகிறார்கள். பெரிய சங்கிலி நுழைய முடியாத இடுக்கில் இது நுழைந்து, மிச்சத்தில் பெரும்பகுதியை மூடிவிடுகிறது.