தபால் பெட்டியில் அப்பா பெயர்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் காசிமேட்டுக்காரி, கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவேன், ரேடியோவை ஒரு சுற்று குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். தொழில் நர்ஸ். 2019 ஜனவரியில் ஜெர்மனிக்குப் போனேன், ஹாம்பர்க் என்கிற துறைமுக ஊருக்கு. இப்போது லீவில் வந்திருக்கிறேன், அடுத்த வாரம் திரும்பக் கிளம்ப வேண்டும். வந்ததிலிருந்து தினம் ஒரு பொண்ணோ பையனோ வீட்டுக்கு வந்து, "அக்கா, நானும் போறேன், இன்னா இன்னா எடுத்துக்கினு போவணும்?" என்று கேட்கிறார்கள். விசா, பரீட்சை, சம்பளக் கணக்கு எல்லாம் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிகிறது. நான் அங்கே போய் முழித்ததெல்லாம் வேறு. கதவு, ஜன்னல், குப்பை, தபால் பெட்டி. இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. அங்கேயே இருக்கிறவர்களுக்கு இது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றாது, இங்கே இருக்கிற நமக்கோ இப்படி ஒன்றைக் கேட்க வேண்டும் என்றே தெரியாது.

முதலில் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும், நெட் சென்டர் அண்ணன் அதில் அப்பா பெயரைத் தட்டிவிடுவார், நாமும் சரி என்று காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். விமானம் இறங்கிய பிறகு அதுதான் உங்கள் பெயர். ஆஸ்பத்திரியில் என் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் பெரிதாக அப்பா பெயர். டாக்டர் கூப்பிடுவதும் அதைத்தான், அதற்கு முன்னால் 'ஃப்ராவ்' என்று, பெண்களுக்குப் போடுகிற மரியாதைச் சொல் ஒன்றையும் சேர்த்து. காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில் முப்பது வருஷம் ஐஸ் கட்டி இழுத்த மனுஷனை 'அம்மணி' என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? முதல் வாரம் யார் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் திரும்பியே பார்க்கவில்லை. திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார்கள்.

இந்த விளையாட்டு வினையானது தபால் பெட்டியில். நான் குடிபோன கட்டடத்தில் பத்து வீடு, எந்த வீட்டுக்கும் கதவு எண் கிடையாது. கீழே வாசலில் வரிசையாகப் பத்துத் தகரப் பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச் சீட்டு. தபால்காரர் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் போடுவார், பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். நம்ம தெரு மாதிரி, "ஐஸ் ஃபேக்டரிக்காரர் பொண்ணுதானே, குடு, நான் குடுத்துக்கிறேன்" என்று எதிர்வீட்டு அத்தை வாங்கி வைக்க மாட்டார்கள். நான் என்ன செய்தேன், என் பெயரை மட்டும் அழகாக எழுதி ஒட்டினேன். கடிதம் எல்லாம் அப்பா பெயருக்கு. அந்த ஊரில் எல்லாமே கடிதத்தில்தான் நடக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. பாங்க் கார்டு ஒரு கடிதத்தில் வரும், அதன் ரகசிய எண் இன்னொன்றில் வரும். 11 இலக்கத்தில் ஒரு வரி எண் தருவார்கள், ஆயுசுக்கும் அதே எண்தான், அதுவும் தபாலில்தான். மூன்று வாரம் எனக்கு ஒரு துண்டுக் காகிதம் வரவில்லை. கையில் கொண்டுபோன யூரோவை எண்ணி எண்ணிச் செலவழித்துக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்த்த மலையாளி சேச்சி ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், பெட்டியைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே அப்பா பெயரை எழுதி ஒட்டினேன், அடுத்த வாரத்திலிருந்து கடிதம் வர ஆரம்பித்தது.

அதனால், வீட்டுக்குள் நுழைந்த அன்றைக்கே பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே பெயரைப் பெட்டியிலும் காலிங் பெல்லிலும் ஒட்டுங்கள். அப்புறம் 14 நாளுக்குள் அந்தப் பகுதி அலுவலகத்தில் போய் விலாசத்தைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளைத் தரமாட்டேன் என்று சொல்கிற வீட்டில் வாடகை குறைவு என்பதற்காகக் குடிபோகாதீர்கள். பதிவு இல்லையென்றால் பாங்க், வரி எண், விசா நீட்டிப்பு என்று ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்ளும்.

பதிவு செய்த கொஞ்ச நாளில் இன்னொரு கடிதம் வரும். ரேடியோ, டிவிக்குக் கட்டணம், மாதம் 18 யூரோ 36 சென்ட். எங்கிட்ட டிவியே இல்லையே, எவனோ ஏமாற்றுகிறான் என்று நான் கிழித்துப் போட்டேன். ஏமாற்று இல்லை. டிவி இருக்கோ இல்லையோ, வீட்டுக்கு ஒன்று என்று கட்டியே ஆக வேண்டும், கூடத் தங்குகிறவர்களோடு பங்கு போட்டுக்கொள்ளலாம். இந்த உரையை நீங்கள் சும்மா கேட்கிறீர்கள், அதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்!

சரி, கதவு. போன இரண்டாவது மாதம், பிப்ரவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் நெத்திலிக் கருவாடு வறுத்திருந்தேன், குப்பை நாறுமே என்று நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பையோடு வெளியே வந்தேன். பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம். அங்கே வீட்டுக் கதவுக்கு வெளிப்பக்கம் திருகுகிற கைப்பிடி இல்லை, வெறும் குமிழ்தான். சாத்தினால் சாத்தினதுதான், சாவி உள்ளே, நீங்கள் வெளியே. நம்ம வீட்டில் காலையில் கோலம் போடத் திறந்தால் ராத்திரி படுக்கும்போதுதான் சாத்துவோம், கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று கனவிலும் நினைத்ததில்லை. போனும் உள்ளே. காலில் ரப்பர் செருப்பு, கையில் கருவாட்டுக் குப்பை, மாடிப்படியில் பல் தந்தியடிக்க நிற்கிறேன். கீழ்வீட்டில் தனியாக இருந்த ஒரு வயசான அம்மா, அதுவரை 'காலை வணக்கம்' தவிர நாங்கள் எதுவும் பேசினதில்லை, சத்தம் கேட்டு வந்து உள்ளே உட்கார வைத்து, தன் கோட்டைப் போர்த்திவிட்டுப் பூட்டுக்காரனுக்குப் போன் போட்டார். அவன் வர ஒரு மணி நேரம். வந்து ஒரு தகட்டைக் கதவிடுக்கில் விட்டு ஒரு நெம்பு நெம்பினான், திறந்துகொண்டது. ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை, 220 யூரோ வாங்கினான், ஞாயிற்றுக்கிழமை ரேட்டாம். வருவதற்கு முன்பே போனில் எவ்வளவு என்று பேசி முடித்துவிட வேண்டும் என்பதும், ஒரு சாவியை நம்பிக்கையான யாரிடமாவது கொடுத்து வைக்க வேண்டும் என்பதும் அதற்கப்புறம் புரிந்தது. என்னுடைய இரண்டாவது சாவி அன்றிலிருந்து, நான் அந்த வீட்டில் இருந்தவரைக்கும், அந்தக் கீழ்வீட்டு அம்மாவிடம்தான் இருந்தது.

அந்த அம்மா அதோடு விடவில்லை. கருவாட்டுப் பையைத் தொட்டிக்குள் நான் அப்படியே போடப் போக, கையைப் பிடித்துக்கொண்டு, பையைப் பிரிக்கச் சொல்லி வரிசையாகக் காட்டினார். காய்கறித் தோல், மீன் முள்ளு பச்சைத் தொட்டி, காகிதம் நீலம், பால் டப்பா, பிளாஸ்டிக் கவர் மஞ்சள், மிச்சம் எல்லாம் கறுப்பு. தண்ணீர் பாட்டிலை எதிலும் போடக்கூடாது. அதற்கு வாங்கும்போதே 25 சென்ட் பிடித்திருப்பார்கள், கடையில் இருக்கிற மிஷினில் போட்டால் சீட்டு வரும், காசைக் கழித்துக்கொள்ளலாம். முதல் மாதம் நான் எத்தனை பாட்டிலைத் தூக்கிப் போட்டேனோ! உண்மையில் பாட்டில் தண்ணீரே வேண்டாம், குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். லாரி வருகிற நாளைப் பார்த்துக் குடம் அடுக்கி வளர்ந்த எனக்கு அதை நம்பவே ஒரு மாதம் ஆனது. கடையில் அவசரத்துக்குக் கையில் கிடைத்த பாட்டிலை வாங்கினால் அது பெரும்பாலும் கேஸ் போட்ட தண்ணீர், கோலி சோடாதான், உப்பும் எலுமிச்சையும் இல்லாமல்.

தண்ணீர் என்றதும் குளியலறை ஞாபகம் வருகிறது. அங்கே பல வீடுகளில் குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழியே கிடையாது. பக்கெட் வைத்துச் சொம்பில் மொண்டு ஊற்றினால் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகும், அதற்குச் செலவு உங்கள் தலையில். தொட்டிக்குள் நின்று குளியுங்கள். மற்றபடி ஒரு பிளாஸ்டிக் சொம்பைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று ரேடியோவில் சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

ஜன்னல் பற்றி ஒரு வார்த்தை. கைப்பிடியைப் பக்கவாட்டில் திருப்பினால் கதவு மாதிரி திறக்கும், மேல்நோக்கித் திருப்பினால் மேல்பாகம் மட்டும் உள்பக்கம் சாயும். முதல் தடவை சாய்ந்தபோது கண்ணாடி மேலே விழுகிறது என்று நான் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு கத்தினேன். குளிர்காலத்திலும் தினம் இரண்டு மூன்று தடவை ஐந்து நிமிஷம் ஜன்னலை முழுக்கத் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். நாம் தாளிக்கிற தாளிப்புக்கு அது நல்லதுதான், புகை வந்தால் அலறுகிற மணி வேறு மேலே உட்கார்ந்திருக்கிறது. ராத்திரி 10 மணிக்கு மேல் காலை 6 வரைக்கும், ஞாயிறு முழுக்கவும் மிக்ஸியைத் தொடாதீர்கள். மிக்ஸியை இங்கிருந்தே கொண்டுபோகலாம், அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக்கு மட்டும் மாற்ற வேண்டும். அமெரிக்கா போகிறவர்களுக்கு இது பொருந்தாது, அங்கே 120.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சனிக்கிழமையே அரிசி பருப்பு வாங்கி வைக்காவிட்டால் பட்டினிதான். ஒரு விதிவிலக்கு உண்டு, எனக்காகவே வைத்த மாதிரி: ஹாம்பர்க் மீன் சந்தை. 1703-லிருந்து நடக்கிறது, ஞாயிறு மட்டும்தான். கோடையில் விடிகாலை 5 மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு முடித்துவிடுவார்கள். மீன் கெட்டுப்போகுமே என்று சர்ச்சுக்குப் போகும் முன் விற்றுக்கொள்ள அந்தக் காலத்தில் அனுமதி கொடுத்தார்களாம். பேச்சு சத்தமே இல்லாத அந்த ஊரில், ஒருத்தர் மேஜை மேல் ஏறி நின்று, புகை போட்ட விலாங்கை உயரத் தூக்கிக் காட்டித் தொண்டை கிழியக் கூவி விற்கிறார், சுற்றி நின்று ஜனம் சிரிக்கிறது. நாலு மாதத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் என் காதுக்குச் சோறு கிடைத்தது. வஞ்சிரமும் சங்கராவும் இல்லை, அது வேறு விஷயம்.

பெட்டியில் என்ன எடுத்துப் போகலாம் என்று கேட்டீர்களே. நெய், பால்கோவா, கறி வறுவல் எதுவும் ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள், பாலும் இறைச்சியும் சேர்ந்த பொருளுக்குத் தடை. ஆனால் மீனுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு, உலர்ந்த மீனும் அதில் சேர்த்தி. ஆகவே கருவாடு போகலாம், அம்மாவின் நெய் போக முடியாது. மூன்று கவர் போட்டுக் கட்டுங்கள், பக்கத்துப் பெட்டிக்காரர் பாவம். கசகசா மட்டும் மறந்தும் வேண்டாம். ஐரோப்பாவில் அதைத் தூவி ரொட்டி விற்கிறார்கள், ஆனால் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் கணக்கில் வழக்குப் போடுவார்கள், உங்கள் விமானம் எங்கே மாறுகிறது என்று பாருங்கள். குளிர் கோட்டு நம்ம வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வாங்காதீர்கள், நான் வாங்கினது ஹாம்பர்க் காற்றுக்கு வலை மாதிரி இருந்தது. அந்தக் காசுக்கு இன்னொரு மூக்குக் கண்ணாடி செய்துகொள்ளுங்கள், பல்லைக் காட்டி அடைக்க வேண்டியதை அடைத்துவிடுங்கள்.

நர்ஸ் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. அங்கே நோயாளியோடு சொந்தக்காரர் யாரும் ராத்திரி தங்குவதில்லை, ஆயா செய்வதாக நாம் நினைக்கிற வேலையெல்லாம், உடம்பு துடைப்பது, ஊட்டுவது, கழிவறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் நர்ஸ் செய்வதுதான். ஐசியுவில் இருந்தவளை இப்படி விட்டுவிட்டார்களே என்று முதல் மாதம் அழுதேன். சொல்லியிருந்தால் அழுதிருக்க மாட்டேன், அவ்வளவுதான். அப்புறம் ஏஜென்ட். அரசிடம் பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு வரம்பே 30,000 ரூபாய்தான், ஜிஎஸ்டி தனி. லட்சக்கணக்கில் கேட்டால் பதிவு எண்ணைக் கேளுங்கள், மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் நர்ஸ்களுக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சி தந்து அனுப்புகிறது, முதலில் அங்கே விசாரியுங்கள்.

வீட்டுக்குப் பேச வேண்டிய நேரத்தையும் கணக்குப் போட்டு வையுங்கள். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள், அப்போது மூன்றரை. என் டியூட்டி முடிகிற நேரம் அப்பா தூங்கிவிடுவார். ஒருநாள் விழித்திருந்தவரிடம் தபால் பெட்டிக் கதையைச் சொன்னேன், போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். போன வருஷம் நான் வீடு மாறினபோதும் புதுப் பெட்டியின் போட்டோவைக் கேட்டு வாங்கினார். இந்த லீவில் வந்து பார்த்தால் இரண்டும் அவர் போனில் இருக்கிறது, ஐஸ் ஃபேக்டரியில் எல்லோருக்கும் காட்டியாகிவிட்டது. நேற்று ராத்திரி பெட்டி கட்டும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கருவாட்டுப் பொட்டலத்தை அமுக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏம்மா, நாப்பது வருஷமா இந்த வூட்ல இருக்கேன், வாசல்ல என் பேரு இல்ல. போறதுக்குள்ள அதே மாரி ஒரு சீட்டு எழுதி ஒட்டிட்டுப் போயேன்."

மார்க்கர் பேனா வாங்கியாகிவிட்டது. இங்கிருந்து போனதும் அதுதான் வேலை. வணக்கம்.