அண்டா நிறைய மிச்சத் தண்ணீர்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நகர்மன்ற உறுப்பினர்களே, எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஐயா அவர்களே, காசு வாங்காமல் மைக் கட்டிக்கொடுத்த சவுண்டு சர்வீஸ் தம்பியே, தாய்மார்களே, வணக்கம்.

மேடையில் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். கோபமில்லை. பேச்சுக்கு அடியெடுத்துக் கொடுத்ததாக வைத்துக்கொள்கிறேன். 'தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே' என்பார்கள். இன்று மூன்று செய்திகள்: பாட்டில் தண்ணீர் வந்த கதை, நம் பழக்கம், லேபிளைப் படிக்கும் விதம்.

கதை இத்தாலியில் தொடங்குகிறது. மிலான் நகரில் பெலிச்சே பிஸ்லேரி என்பவர் இரும்புச்சத்து டானிக் விற்றார். அந்தப் பெயர் 1965இல் பம்பாய்க்கு வந்தது. பம்பாய்க்குப் பக்கத்துத் தானே நகரில் ஆலை, கண்ணாடி பாட்டிலில் தண்ணீர். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க யார் வருவார் என்று ஊரே சிரித்திருக்கும். 1969இல் பார்லே குளிர்பானக் கம்பெனியின் ரமேஷ் சௌஹான் அதை 4 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். எதற்கு? சோடாவுக்காக! 1993இல் தம்ஸ் அப், லிம்கா எல்லாவற்றையும் கோகோ கோலாவுக்கு விற்றுவிட்டு, அப்புறம்தான் தண்ணீரில் முழுமூச்சாக இறங்கினார். அதற்குள் கனமில்லாத, உடையாத பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலும் வந்துவிட்டது. 1973இல் அமெரிக்கர் நத்தானியல் வையத் காப்புரிமை பெற்றது அது. இன்று எந்தக் கம்பெனி பாட்டிலானாலும் 'ஒரு பிஸ்லேரி கொடுங்க' என்கிறோம்.

சரி, பழக்கத்துக்கு வருவோம். போன ஆவணியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். இலைக்கு ஒரு குட்டி பாட்டில். மூடியைத் திருகுவார்கள், இரண்டு மடக்கு, சாம்பாருக்குப் பக்கத்தில் வைப்பார்கள், கைகழுவ எழுந்துவிடுவார்கள். எங்கள் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. சமையல்காரரிடம் ஒரு அண்டாவைக் கேட்டு வாங்கி, பந்திக்குப் பந்தி மிச்சத்தையெல்லாம் அதில் கவிழ்த்தார். மூன்றாம் பந்தியில் அண்டா தளும்பியது. பெண்ணின் அப்பா பதறி ஓடி வந்தார்: "என்ன மாமா, ரசமா?" பெரியப்பா அசரவில்லை. "இல்ல மாப்ள, மொய்! நீங்க காசு கொடுத்து வாங்கினத ஜனங்க திருப்பி வச்சிட்டுப் போயிருக்காங்க." அந்த அண்டாவை மண்டபத்து வாழைக்கன்றுகளுக்கு ஊற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். தாயைப் பழித்தாலும்... மீதியை நீங்களே சொல்லிவிடுகிறீர்கள், நன்றி.

அந்தப் பெரியப்பா கூஜாவோடு ரயிலேறிய ஆள். வண்டி நின்றால் நடைமேடைக் குழாயில் நிரப்பிக்கொள்வார். நம் பேருந்து நிலையத்திலும் குழாய் இருந்தது. இப்போது அந்த மேடையில் பூக்கடை. பூ விற்கும் அக்காமேல் குற்றமில்லை. தண்ணீர் நின்றபிறகுதான் அவர் கடை போட்டார். குழாய்த் தண்ணீரை நம்பலாமா என்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் வடிகட்டியோடு நான்கு குழாய் வேண்டும், மாதாமாதம் பரிசோதனை முடிவை அங்கேயே எழுதி ஒட்ட வேண்டும் என்று கேட்கிறேன். நகர்மன்ற உறுப்பினர்கள் தலையாட்டியதை எல்லோரும் பார்த்தீர்கள் அல்லவா?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். லேபிள் இன்னொரு நாளைக்கு. குழாய் கேட்கும் மனுவுக்கான கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது, பக்கத்திலேயே மண்பானையும். தம்ளர் இரண்டுதான். அண்ணாந்து குடியுங்கள்.