முட்டி தேய்ந்துவிடாதா? ஓடி முடித்த கையோடு ஒரு பேச்சு

வணக்கம். கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போதுதான் ஓடி முடித்தேன். கேமராவை மதில்மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். காற்று பலமாக அடித்தால் விழுந்துவிடும். விழுந்தால் எடுத்து வைத்துவிட்டு மறுபடி பேசுகிறேன், எடிட் செய்யப் பொறுமை இல்லை.

இன்று 12 கிலோமீட்டர். வேகத்தை மட்டும் கேட்காதீர்கள். விறுவிறுவென்று நடந்து போன ஒருவர் கொஞ்ச தூரம் என்னோடு கூடவே வந்தார். அவ்வளவுதான் என் வேகம்.

ஓட்டத்தைப் பற்றி நான் எந்த வீடியோ போட்டாலும் கீழே ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. "இப்படி ஓடினால் முட்டி தேய்ந்துவிடாதா?" கேட்கிறவர்களில் சிலர் ஓடாமல் இருக்க ஒரு காரணம் தேடுகிறார்கள், அவர்களை விட்டுவிடலாம். மற்றவர்கள் ஆசையாக ஓட ஆரம்பித்து, இரண்டாவது மூன்றாவது மாதத்தில் வலி வந்து உட்கார்ந்தவர்கள். அவர்களோடுதான் இன்று பேசப் போகிறேன். நானும் அந்தக் கட்சிதான்.

நான் ஓட ஆரம்பித்தது 43 வயதில். முதல் நாள் 400 மீட்டர் தாண்டுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. எட்டாவது வாரம் 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடினேன். மூச்சு சீராக இருந்தது, பேசிக்கொண்டே ஓட முடிந்தது. அந்தத் திமிர் இருக்கிறதே, அதுதான் வினை. அடுத்த வாரம் 8, அதற்கடுத்த வாரம் 10, அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ சவால் விட்டது போல 15.

திங்கட்கிழமை காலையில் மாடிப்படி இறங்குகிறேன், வலது முட்டிச் சில்லுக்குக் கீழே ஊசியால் குத்தியது போல ஒரு வலி. ஏறும்போது அவ்வளவாக இல்லை, இறங்கும்போதுதான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினேன். பார்க்கிறவர்களுக்கு எண்பது வயது ஆள் இறங்குவது போல இருந்திருக்கும். ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் முதல் பத்தடி நொண்டல். மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "தேய்மானம் ஒன்றும் இல்லை, ஆனால் ஓட்டத்தை விட்டுவிடுங்கள்" என்றார். தேய்மானம் இல்லையென்றால் எதற்கு விட வேண்டும்? அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தவன்தான், அதன் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

நம் மனதில் முட்டி என்றால் டயர் மாதிரி. ஓட ஓடத் தேயும், இத்தனை கிலோமீட்டர்தான் ஆயுள், அதை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு. எலும்பு முனைகளை மூடியிருக்கிற ஜவ்வு அப்படி ஒரு செத்த ரப்பர் துண்டு கிடையாது. அதற்குள் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. ஆனால் இரத்தக் குழாய் இல்லை. அப்படியானால் அந்தச் செல்களுக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? மூட்டுக்குள் வழவழப்பாக ஒரு நீர் இருக்கிறது அல்லவா, அதிலிருந்துதான். ஜவ்வை அமுக்கினால் நீர் வெளியே போகிறது, விட்டால் உள்ளே வருகிறது, ஸ்பாஞ்சைப் பிழிந்து விடுவது போல. காலை ஊன்றும் ஒவ்வொரு அடியும் ஒரு அமுக்கு. நீண்ட தூரம் ஓடிய உடனே ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் ஜவ்வு கொஞ்சம் மெலிந்திருக்கும், பிறகு ஓய்வில் பழையபடி ஆகிவிடும். மாறாக, காலை நீண்ட நாள் அசைக்காமலே வைத்திருப்பவர்களுக்கு ஜவ்வு மெல்ல மெல்ல மெலிந்து போகிறது.

2017-இல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு கணக்குப் பார்த்தார்கள். இடுப்பிலோ முட்டியிலோ மூட்டுத் தேய்மானம் யாருக்கு எவ்வளவு என்று. உடல்நலத்துக்காக, பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம். ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காக ஓடும் தொழில்முறை ஆட்களில் 13.3 சதவீதம். இந்த மூன்றாவது எண்ணை மறைத்துவிட்டு முதல் இரண்டை மட்டும் சொல்கிற வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, எனக்கு அது பிடிப்பதில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. முட்டி நன்றாக இருப்பவர்தானே தொடர்ந்து ஓடுவார்? வலி வந்தவர் பாதியில் விட்டிருப்பார், கணக்கில் வந்திருக்க மாட்டார். ஆகவே "ஓடினால் முட்டிக்கு மருந்து" என்று நான் சொல்ல மாட்டேன். அளவாக ஓடுவது முட்டியைத் தின்றுவிடாது என்று தாராளமாகச் சொல்வேன்.

இதே கேள்வியை அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து ஆட்கள் 1984-இல் எடுத்தார்கள். 50 வயது தாண்டிய ஓட்டக்காரர்கள் ஒரு பக்கம், ஓடாதவர்கள் ஒரு பக்கம். 19 வருடம் கழித்துப் பார்த்தபோது ஓடாதவர்களில் 34 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், ஓடியவர்களில் 15 சதவீதம். அந்த ஆட்களில் ஒரு சிறு கூட்டத்துக்கு முட்டி எக்ஸ்ரேயும் விடாமல் எடுத்து வந்தார்கள். 18 வருடத்தில் ஓடியவர்களின் முட்டி மற்றவர்களைவிட மோசமாகவில்லை.

சரி, தேய்மானம் இல்லையென்றால் எனக்கு ஏன் வலித்தது?

இதுதான் விஷயம். மூச்சும் முட்டியும் ஒரே காலண்டரைப் பார்த்து நடப்பதில்லை. ஓட ஆரம்பித்த முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே உடலில் இரத்தத்தின் அளவு கூடத் தொடங்குகிறது. சில வாரங்களில் தசைக்குள் மைட்டோகாண்ட்ரியா, அதாவது செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் குட்டி அடுப்புகள், பெருகுகிறது. ஆக எட்டு வாரத்தில் நெஞ்சுக்கூடு புது ஆளாகிவிடும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண்களுக்கும் எலும்புக்கும் அந்த அவசரம் கிடையாது, அவை மாதக் கணக்கில்தான் பலப்படும். எலும்பின் வேலையைக் கேட்டால் இன்னும் பயமாக இருக்கும். சுமை கூடினால் அது முதலில் பழைய பகுதியைத் தோண்டி எடுக்கிறது, பிறகுதான் புதியதை நிரப்புகிறது. தோண்டுவதற்குச் சில வாரம் போதும், நிரப்பி இறுகுவதற்குச் சில மாதம் ஆகும். அந்த இடைவெளியில்தான் நமக்கு மூச்சு நன்றாக வந்து, உற்சாகம் தலைக்கேறி, 15 கிலோமீட்டர் ஓடத் தோன்றும். புது இன்ஜின், வண்டியின் அடிச்சட்டம் மட்டும் பழையது.

அதனால் இப்போது யாராவது "இரண்டு மாதமாக ஓடுகிறேன், சூப்பராக இருக்கிறது" என்று எழுதினால் எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் வருகிறது. முட்டி வீங்கியிருந்தால், நடுவில் பூட்டிக்கொண்டது போல மடங்காமல் நின்றால், கால் வழுக்கிக்கொண்டு போவது போல இருந்தால், இந்த வீடியோவை மூடிவிட்டு நல்ல மருத்துவரைப் பாருங்கள். பழைய தசைநார்க் கிழிசல் உள்ளவர்களுக்கும் நான் சொல்வது அப்படியே பொருந்தாது.

அடுத்து, அகலக்கால். பழமொழியை விடுங்கள், நிஜமாகவே கால் அகலமாகப் போட்டு ஓடுவதைச் சொல்கிறேன். நான் எப்படி ஓடினேன் என்று பழைய வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு அடியிலும் கால் உடம்புக்கு ஒரு முழம் முன்னால் போய் விழுகிறது, முட்டி விறைப்பாக, குதிகால் தரையில் டொம்மென்று. அதாவது ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை பிரேக் போட்டுக்கொண்டே ஓடியிருக்கிறேன். நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஓடும்போது 30 விநாடி வலது கால் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணுங்கள், நான்கால் பெருக்குங்கள். எனக்கு 39 வந்தது, அதாவது நிமிடத்துக்கு 156 அடி. அதே வேகத்தில் அடியைச் சிறிதாக்கி, எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முட்டிமேல் விழும் சுமை குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். இப்போது நான் 168-இல் இருக்கிறேன். முதல் பத்து நாள் கோழி நடப்பது போல அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை.

உடனே "180 இருக்க வேண்டுமே" என்று ஒருவர் வருவார். அந்த 180 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் ஓட்டக்காரர்களின் அடிகளை எண்ணினார், ஏறக்குறைய எல்லோரும் 180-ஐத் தொட்டோ தாண்டியோ இருந்தார்கள். அவர்கள் ஒலிம்பிக்கில் போட்டி வேகத்தில் ஓடியவர்கள். நானும் நீங்களும் இல்லை.

அட, கேமரா சரிகிறது... இருங்கள். ம், நிற்கிறது.

சர்க்கரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஓட ஆரம்பித்ததே அதற்காகத்தான். வீட்டில் அப்பாவுக்கு இருந்தது, என் ரிப்போர்ட்டும் எல்லைக்கோட்டில் நின்றது. தசைச் செல்லுக்குள் சர்க்கரை போக ஒரு கதவு உண்டு. சாதாரணமாக இன்சுலின் வந்து தட்டினால்தான் திறக்கும். தசை வேலை செய்யும்போது இன்சுலின் இல்லாமலே அந்தக் கதவு திறக்கிறது. இன்சுலின் சரியாக எடுபடாதவர்களுக்கும் இது நடக்கிறது என்பதுதான் அழகு. ஓடி முடித்த பிறகும் ஒன்றிரண்டு நாள் தசை இன்சுலினுக்குச் சட்டென்று செவிசாய்க்கிறது, அப்புறம் பழைய மந்தத்துக்குத் திரும்பிவிடுகிறது. இதை யோசித்துப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் 20 கிலோமீட்டர் ஓடிவிட்டு ஆறு நாள் உட்கார்ந்திருப்பதைவிட, வாரத்தில் நான்கு நாள் அரை மணி நேரம் மெதுவாக ஓடுவது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று புரியும். முட்டிக்கும் அதுதான் நல்லது. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மட்டும் முதலில் மருத்துவரிடம் பேசிவிட்டு ஓடுங்கள், ஓட்டத்தின் நடுவில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம்.

ஆனால் ஓடினால் மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸ், ஓட்ட மருத்துவத்தில் பெரிய பெயர், தானே 70-க்கும் மேற்பட்ட மாரத்தான்களும் அதைவிட நீண்ட ஓட்டங்களும் ஓடியவர். அவருக்கே இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வந்தது. ஓட்டத்தைப் பற்றி எழுதி அமெரிக்காவையே ஓட வைத்த ஜிம் ஃபிக்ஸ் 1984-இல் 52 வயதில் ஓடும்போதே மாரடைப்பில் இறந்தார். அவருடைய அப்பா 43 வயதில் இதே நோயில் போனவர். வம்சம், சாப்பாடு, புகை, எல்லாவற்றுக்கும் அதனதன் பங்கு இருக்கிறது. ஒரு மணி நேரம் ஓடுகிறவனுக்கு மீதி 23 மணி நேரமும் இருக்கிறதே. நான் காலையில் ஓடிவிட்டு ஒன்பது மணி நேரம் லேப்டாப் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தவன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடந்தாலே சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரை குறைகிறது என்று 2012-இல் ஒரு ஆய்வு காட்டியது. இருபது நிமிடம் எனக்கு ஒத்துவரவில்லை. போன் வந்தால் எழுந்து நடந்துகொண்டே பேசுவது, அது ஒத்துவந்தது.

எட் விட்லாக் என்று கனடாவில் ஒரு மனிதர் இருந்தார். 72 வயதில், 2003-இல், மாரத்தானை 3 மணி நேரத்துக்குள் ஓடினார். 70 வயது தாண்டிய ஒருவர் அப்படி ஓடியது அதுதான் முதல்முறை. அவருடைய பயிற்சி என்ன என்று பார்த்தால் சிரிப்பு வரும். வீட்டுப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி மணிக்கணக்கில், சின்னச் சின்ன அடியாக, மெதுவாக ஓடுவார். நான் 12 கிலோமீட்டரை நடைக்காரரோடு போட்டி போட்டு ஓடுவதற்கு வெட்கப்படாமல் இருப்பதே அவரால்தான்.

என் முட்டி எப்படிச் சரியானது என்று கேட்பீர்கள். இரண்டு வாரம் நடை மட்டும். அப்புறம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. கூடவே தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் வாரம் இருமுறை பயிற்சி. இதைத்தான் நான் அதுவரை தட்டிக் கழித்தேன், ஓடுகிறவனுக்கு எதற்குக் கால் பயிற்சி என்று. ஓடும்போது குதிகால் தசைநாண்மேல் உடல் எடையைப் போல ஆறு மடங்குக்கும் மேல் விழுகிறது. அதைத் தாங்குவதற்கு ஓட்டம் மட்டும் போதவில்லை, எனக்கு.

செய்து காட்டுகிறேன். இந்தப் படி விளிம்பில் ஒற்றைக் காலில், முன்பாதம் மட்டும் படியில். குதிகாலை மெதுவாக இறக்கி, மேலே வரை தூக்கி, ஒரு விநாடி நிறுத்தி, மறுபடி இறக்க வேண்டும். மதிலை விரலால் தொட்டுக்கொள்ளலாம், இழுக்கக் கூடாது. வலது காலை முதலில் எடுக்கிறேன்... இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. போதும். இப்போது இடது... பதினைந்து, பதினாறு, பதினேழு... ஆ, பிடித்துக்கொண்டது. பார்த்தீர்களா, வலித்தது வலது முட்டி, பலவீனமாக இருப்பது இடது கால். இதை நான் போன மாதம்தான் கண்டுபிடித்தேன். உங்களுக்கு எந்தக் கால் முதலில் நிற்கிறது என்று கமெண்டில் எழுதுங்கள். நான் இடது காலுக்கு இன்னும் ஒரு சுற்று போட்டுவிட்டு வருகிறேன்.