ஒரே பட்டன் பேட்டரி: ஒண்ணு ரெண்டரை நாள், இன்னொண்ணு 93 வருஷம்!

[விரல் நுனியில் ஒரு பட்டன் பேட்டரி, கேமராவுக்கு ரொம்பப் பக்கத்தில்]

இது எல்லார் வீட்லயும் இருக்கு. கார் சாவிக்குள்ள, எடை மெஷினுக்கு அடியில, கம்ப்யூட்டர் மதர்போர்டுல. பேரு சி.ஆர். 2032. கடையில அந்தப் பேரெல்லாம் யாரும் சொல்றதில்ல, "காசு மாதிரி இருக்குமே அந்த பேட்டரி குடுங்கண்ணே"ன்னா எடுத்துக் குடுத்துடுவாங்க. உள்ள சுமாரா 220 மில்லி ஆம்பியர் ஹவர் சார்ஜ், அதாவது 1 மில்லி ஆம்பியர் கரண்ட் எடுத்தா 220 மணி நேரம் தாங்கும்.

இதுல ஒரு அசைவு சென்சாரை மாட்டினா ரெண்டரை நாள்ல பேட்டரி காலி. இதே பேட்டரில வேற ஒரு அசைவு சென்சாரை மாட்டினா, கணக்குப்படி 93 வருஷம் ஓடணும். பேட்டரி மாத்துறதுக்கு என் கொள்ளுப்பேரன்தான் வரணும்.

ரெண்டுமே அசைவைப் பாக்குற வேலைதான். அப்புறம் எதுக்கு இவ்வளவு வித்தியாசம்? நம்ம கையில இருக்கிற வாட்ச் ஏன் ஒருநாள் சார்ஜுக்கே தள்ளாடுதுங்கிற கதையும் இதுக்குள்ளதான் இருக்கு. வாங்க.

[திரையில்: இரண்டு சிப்கள் பக்கம் பக்கமாக]

முதல் சிப் எம்.பி.யூ. 6050. இன்ஜினியரிங் படிச்சவங்க இப்பவே சிரிச்சிருப்பீங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல பாதி இதை வச்சுதான் ஒப்பேத்தினோம். இதுல இருக்கிற ஜைரோஸ்கோப், அதாவது நாம திரும்புறதை அளக்குற சென்சார், 3.6 மில்லி ஆம்பியர் குடிக்கும். 220ஐ 3.6ஆல வகுத்தா 61 மணி நேரம். ரெண்டரை நாள் கணக்கு அதுதான்.

ரெண்டாவது, ஏ.டி.எக்ஸ்.எல். 362. இது ஆக்ஸிலரோமீட்டர், வேகம் மாறுறதை அளக்குற சென்சார். யாராவது அசைஞ்சா எழுப்பி விடுற மோடுல வெறும் 0.27 மைக்ரோ ஆம்பியர். மில்லி இல்ல, மைக்ரோ, மில்லியில ஆயிரத்துல ஒரு பங்கு.

இருங்க, 93 வருஷம் காகிதக் கணக்குதான். அதுக்கு ரொம்ப முன்னாடியே பேட்டரி சும்மா இருந்தே செத்துடும். ஆனா தம்ப்நெயில்ல அதை எழுதினா யார் கிளிக் பண்ணுவீங்க?

ஜைரோ ஏன் இப்படிக் குடிக்குதுன்னா, உள்ள இருக்கிற சின்ன சிலிக்கான் துண்டை அது விடாம ஆட்டிக்கிட்டே இருக்கணும். நாம திரும்பும்போது அந்த ஆட்டம் லேசா பக்கவாட்டுல ஒதுங்கும், அதை வச்சுதான் திரும்பினதை அளக்குது. ஆக்ஸிலரோமீட்டர்ல அந்தத் துண்டு சும்மா தொங்கிட்டு இருக்கும், அவ்வளவுதான். ஒண்ணு ஊஞ்சல்ல உக்காந்து வெத்தல போடுற பாட்டி. இன்னொண்ணு அதே ஊஞ்சலை நிறுத்தாம ஆட்டுற பேரன். ராத்திரி சாப்பாடு யாருக்கு அதிகம் வேணும்?

[திரையில்: அபார்ட்மென்ட் கேட், தூங்கும் வாட்ச்மேன், வாலைச் சுருட்டிப் படுத்திருக்கும் தெருநாய்]

அந்த 0.27 மோடுல சென்சார் விநாடிக்கு ஆறு தடவைதான் கண்ணைத் திறந்து பாக்கும். அது நம்ம தெரு நாய் மாதிரி. வந்தது திருடனா கொரியர்காரரான்னு அதுக்குத் தெரியாது. யாரோ வந்தாங்க, குரைக்கணும். குரைச்சா வாட்ச்மேன் எழுந்து டார்ச் அடிப்பார். அவரால முடியாத விஷயம்னா மட்டும் வீட்டுக்காரரை எழுப்புவார். உங்க போன்ல வீட்டுக்காரர்தான் மெயின் ப்ராசஸர், எழுப்பினா கரண்ட் பில் எகிறும். அந்த வாட்ச்மேன் வேலைக்குன்னே 2013ல ஐபோன் 5எஸ்ல எம்7னு ஒரு குட்டி சிப் வந்துச்சு. அதே வருஷம் ஆண்ட்ராய்டு 4.4ல, அடிக்கு அடி எழுப்பாம எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சு மொத்தமா ஒப்படைக்கிற வசதி வந்துச்சு. வரலாறு முடிஞ்சுது, சோத்துக்குப் போவோம்.

[திரையில்: கொதிக்கும் உலை, கரண்டியில் ஒரு பருக்கை]

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். இதை விட சுருக்கமா சாம்பிளிங்கை, அதாவது கொஞ்சத்தை எடுத்துப் பாத்து மொத்தத்தைக் கணிக்கிறதை, யாராலயும் சொல்ல முடியாதுன்னு நினைக்கிறேன். உலை கொதிக்கும்போது எல்லாப் பருக்கையும் ஒரே மாதிரி வேகுது, அதனால ஒண்ணை நசுக்கிப் பாத்தா போதும்.

சென்சார்ல பருக்கைன்னா ஒருதடவை எடுக்கிற அளவு, அது அப்படி இல்ல. ஒவ்வொண்ணும் கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைன்னு வரும். அதுதான் இரைச்சல். அதனால நிறையப் பருக்கை எடுத்து சராசரி போடணும். இங்கதான் வயித்தெரிச்சல். பிழையைப் பாதியாக்கணும்னா ரெண்டு பருக்கை பத்தாது, நாலு வேணும். கால்வாசியாக்க 16. பத்துல ஒண்ணாக்க 100! ஒவ்வொரு பருக்கைக்கும் பேட்டரில இருந்து காசு போகுது. எவ்வளவு பெரிய இன்ஜினியர் வந்தாலும் இந்தக் கணக்குல பேரம் பேச முடியாது. மாடி ஏறினதைக் கண்டுபிடிக்கிற காற்றழுத்த சென்சார் இருக்குல்ல, பி.எம்.பி. 280 மாதிரி, அதுல 1, 2, 4, 8, 16ன்னு எத்தனை பருக்கை வேணும்னு செட்டிங்கே குடுத்திருக்காங்க.

இன்னொரு விஷயம். காய்ச்சல் நாக்கோட ருசி பாத்தா ஆயிரம் பருக்கை எடுத்தாலும் கசக்கத்தான் செய்யும். சென்சாரே ஒரு பக்கமா சாய்ஞ்சு காட்டுதுன்னா சராசரி போட்டு பிரயோஜனம் இல்ல, பேட்டரிதான் தண்டம். அதுக்கு வைத்தியம் கேலிப்ரேஷன், அதாவது சரியான அளவோட ஒப்பிட்டு சென்சாரைத் திருத்துறது. அது தனி வீடியோ, கேட்டா போடுறேன்.

[திரையில்: விடியற்காலை, மயிலாப்பூர் மாட வீதி. இரண்டு கையிலும் வாட்ச்]

சரி, இந்த வீடியோல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். காலைல அஞ்சரை மணிக்கு கபாலீஸ்வரர் கோயிலையும் குளத்தையும் சேர்த்து சுத்தி வந்தேன். இடது கை வாட்ச்ல ஜி.பி.எஸ். விநாடிக்கு ஒரு தடவை. வலது கைல பேட்டரி சேமிப்பு மோடு, ஏறக்குறைய நிமிஷத்துக்கு ஒரு தடவை. பூக்கட்டிட்டு இருந்த அக்கா ஒருத்தங்க நிமிர்ந்து பாத்துட்டு, "ஏன் தம்பி, ஒண்ணு ரிப்பேரா?"ன்னு கேட்டாங்க. "ஆராய்ச்சி, அக்கா"ன்னு சொன்னேன். நம்பல.

வீட்டுக்கு வந்து மேப்பைத் திறந்தா, வலது கை வாட்ச் சொல்லுது, நான் தெப்பக்குளத்துத் தண்ணி மேல நடந்தேனாம்!

அதிசயம் ஒண்ணும் இல்ல. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்துல நடந்தா நிமிஷத்துக்கு 83 மீட்டர். மூலைக்கு முன்னாடி ஒரு புள்ளி, மூலை திரும்பினப்புறம் ஒரு புள்ளி. வாட்ச் ரெண்டு புள்ளியையும் ஸ்கேல் வச்சு இணைச்சுது, கோடு குளத்துல விழுந்துச்சு. இப்படி மூலையை வெட்ட வெட்ட தூரம் குறையும், குறைஞ்சுக்கிட்டேதான் போகும்.

அப்ப இடது கை வாட்ச்தான் யோக்கியமா? நடுவுல ஒரு கடையில நின்னு ஒரு பில்டர் காபி குடிச்சேன். அந்த இடத்தை ஜூம் பண்ணிப் பாருங்க.

[திரையில்: மேப்பில் ஒரே இடத்தில் பின்னிக்கிடக்கும் கோடுகள்]

குழந்தை கையில க்ரேயானைக் குடுத்த மாதிரி கிறுக்கி வச்சிருக்கு! நான் நின்ன இடத்துல நிக்குறேன். ஆனா ஜி.பி.எஸ். சொல்ற இடம் விநாடிக்கு விநாடி சில மீட்டர் அங்கயும் இங்கயும் தாவுது. அந்தத் தாவல் எல்லாத்தையும் கூட்டி நடந்த தூரத்துல சேர்த்துட்டாங்க. டபரால ஆத்தினதுக்கும் எனக்கு உடற்பயிற்சி மார்க்.

புரியுதா? அடிக்கடி பாத்தா தூரம் கூடுது, எப்பவாவது பாத்தா குறையுது. "பேட்டரியை அள்ளிக் கொட்டினா துல்லியம் தானா வரும்"னு நினைச்சோம்ல, அந்த எண்ணமே இங்க அடி வாங்குது.

இப்ப நாயைக் கூப்பிடுங்க. ஆள் அசையலன்னு ஆக்ஸிலரோமீட்டருக்குத் தெரியும், மைக்ரோ ஆம்பியர் செலவுல. அது "இவர் நிக்கிறார்"னு சொன்ன உடனே ஜி.பி.எஸ்.ஸை அணைச்சுட்டா கிறுக்கலும் வராது, சார்ஜும் மிச்சம். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. விலை குறைஞ்ச சென்சார்கிட்ட முதல்ல கேட்டுட்டு, அப்புறம் விலை கூடினதை எழுப்பினா சில நேரம் பேட்டரியும் மிஞ்சும், அளவும் திருந்தும். என்னைக் கேட்டா, வாட்ச் வாங்கும்போது எத்தனை சென்சார்னு எண்ணாதீங்க, நாம நின்னா தானா அளவை நிறுத்துற "ஆட்டோ பாஸ்" (auto pause) ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாருங்க.

"அப்ப ஜி.பி.எஸ்.ஸை விநாடிக்கு ஒரு சிட்டிகை நேரம் மட்டும் ஆன் பண்ணி அணைக்கலாமே"ன்னு கேப்பீங்க. ஒருதடவை பிடிச்சுட்டா ஓரளவு முடியும். முதல்தடவை பிடிக்கிறதுதான் பெரும்பாடு. சாட்டிலைட் 20,200 கிலோமீட்டர் உயரத்துல இருக்கு. சிக்னல் நம்மகிட்ட வரும்போது பின்னணி இரைச்சலை விடப் பலவீனமா இருக்கும். வேகம் எவ்வளவு தெரியுமா? விநாடிக்கு 50 பிட். உங்க மாமா அனுப்புற 100 கிலோபைட் குட்மார்னிங் ரோஜாப்பூ அந்த வேகத்துல வந்தா கிட்டத்தட்ட நாலரை மணி நேரம் ஆகும், மதியம்தான் விடியும்.

அந்த நத்தை வேகத்துலதான் "நான் இப்ப எங்க இருக்கேன்"ங்கிற விவரத்தை ஒவ்வொரு சாட்டிலைட்டும் 30 விநாடிக்கு ஒருதடவை ஓதுது. காதை மூடாம கேட்டே ஆகணும். கேட்ட விவரம் சுமாரா நாலு மணி நேரம் தாங்கும். டவர் இருந்தா போன் அதை இன்டர்நெட்லயே வாங்கிக்கும், அதான் ஊருக்குள்ள டக்குனு இடம் காட்டுது. டவரே இல்லாத மலையில போனைத் திறந்தா நீலப்புள்ளி முழிக்குதே, அப்ப அது உக்காந்து பாடம் கேட்டுட்டு இருக்குன்னு அர்த்தம்.

[திரையில்: மணிக்கட்டில் பச்சை வெளிச்சம்]

இதயத்துடிப்பு, சீக்கிரம் சொல்லிடுறேன். பச்சை எல்.இ.டி. தொடர்ந்து எரியுற மாதிரி தெரியும், ஆனா ஆப்பிள் வாட்ச்ல அது விநாடிக்கு நூத்துக்கணக்கான தடவை மினுக்குது. சிக்னல் சரியா வரலன்னா வெளிச்சத்தையும் கூட்டும், மினுக்குற வேகத்தையும் கூட்டும்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அப்ப ஸ்ட்ராப் வளையல் மாதிரி லொடலொடன்னு ஆடினா ரீடிங்கும் தப்பு, சார்ஜும் தண்டம். ஒரு ஓட்டை இறுக்கிப் போடுங்க, காசு செலவில்லாத அப்டேட்.

இப்ப உங்க வேலை. வாட்ச் ஆப்பைத் திறங்க, கடைசியா நடந்த ரூட்டை ஜூம் பண்ணுங்க. நீங்க குளத்து மேல நடந்தீங்களா, எதிர்வீட்டு மொட்டைமாடில ஓடினீங்களா, இல்ல டீக்கடையில கிறுக்கினீங்களான்னு கமென்ட்ல போடுங்க. சிறந்த கிறுக்கலுக்கு இந்த பட்டன் பேட்டரி பரிசு. வாரன்ட்டி 93 வருஷம்னு மட்டும் கேக்காதீங்க.