ஏழாவது நாவலை யார் எழுதினார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அயர்லாந்து எழுத்தாளர் ஜோசஃபின் ஹார்ட்டின் பெயர் நிலைப்பது நாவலாலா, கவிதைப் பணியாலா என்பது தலைப்பு. கவிதைப் பணியால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் 'டேமேஜ்' நாவலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தார். 1991இல் வந்தது, பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது, மறு ஆண்டே லூயி மால் படமாக எடுத்தார் என்று அடுக்கினார். மறுக்கவில்லை. மகனின் காதலியிடம் மனதைப் பறிகொடுத்து, பதவி, குடும்பம், மகன் என்று எல்லாவற்றையும் தொலைக்கும் அரசியல்வாதியின் கதை. நானும் ஒரே மூச்சில் படித்தவன்தான். ஆனால் ஐயா, அதன் பிறகு அந்த அம்மையார் இன்னும் ஐந்து நாவல்கள் எழுதினாரே, அவற்றில் ஒன்றின் பெயராவது எதிரணியின் வாயில் வந்ததா?

முல்லிங்கரில் 1942இல் பிறந்தவர் அவர். கன்னியர் மடப் பள்ளியில் கவிதைகளை மனப்பாடம் செய்து ஒப்பித்து வளர்ந்தார். பதினேழு வயதுக்குள் உடன்பிறந்தவர்கள் மூவரைப் பறிகொடுத்தார். அந்தத் துயரம்தான் நாவலாயிற்று என்று உருகினார் நண்பர். ஆகட்டும். அது நாவலாவதற்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன. அதுவரை அவரைத் தாங்கியது எது? கவிதை தன்னை ஒருநாளும் கைவிட்டதில்லை என்று எழுதியவர் அவரேதான்.

தன்னைத் தாங்கியதை ஊருக்கும் கொடுக்க நினைத்தார். நாவல் வருவதற்கு முன்பே, 1987இல், லண்டன் லிரிக் அரங்கில், கடினமான கவிஞர் என்று பெயரெடுத்த டி. எஸ். எலியட்டின் கவிதைகளுக்கு டிக்கெட் போட்டு ஆள் சேர்த்தார்! கணவர் மோரிஸ் சாச்சி விளம்பர உலகின் ஜாம்பவான். ஆனால் எலியட்டுக்குக் கூட்டம் சேர்ப்பதைவிடக் கடினமான விளம்பர வேலை உண்டா? அந்த வீட்டில் யார் கெட்டிக்காரர் என்பதை நடுவரே முடிவு செய்யட்டும்.

2004 முதல் பிரிட்டிஷ் நூலகத்தில் 'கவிதை நேரம்'. முதலில் இவர் எழுந்து கவிஞரின் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்வார். பிறகு நடிகர்கள் வாசிப்பார்கள். கவிதை காதில் விழ வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதற்காக யாரை எல்லாம் வாசிக்க வைத்தார், பாருங்கள். ஜேம்ஸ் பாண்ட் ரோஜர் மூர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு கிப்ளிங்கை வாசித்தார். நோபல் பரிசு பெற்ற நாடகாசிரியர் ஹரால்டு பின்டர், தன் எழுத்தை ஒதுக்கிவிட்டு ஆங்கிலக் கவிஞர் லார்கினை வாசித்தார். அந்தக் குரல்களைக் குறுந்தகட்டில் பதித்து, 2006இல் புத்தகத்தோடு சேர்த்து வெளியிட்டு, பிரிட்டனின் உயர்நிலைப் பள்ளிகளுக்கு இலவசமாக அனுப்பினார். நாவலை யாராவது அப்படி அனுப்பினார்களா? அனுப்பியிருந்தால் தலைமையாசிரியர்கள் மயங்கி விழுந்திருப்பார்கள், அது வேறு விஷயம்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒன்றே ஒன்று. 2011 ஜூன் 2இல் ஜோசஃபின் ஹார்ட் மறைந்தார். அதன் பிறகும் அவர் பெயரிலேயே கவிதை நேரம் நடந்தது. நடிகர்கள் வந்தார்கள், வாசித்தார்கள். அவருடைய ஏழாவது நாவலை யார் எழுதினார் என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் எழுந்து சொல்லட்டும்.